கவுன்சிலிங் அறையில் பேசியது எங்கெல்லாம் போகிறது? ஆன்லைன் சூப்பர்விஷன் பற்றி ஒரு விளக்கம்

ஆன்லைன் கவுன்சிலிங்குக்குப் பதிவு செய்தால் முதல் அமர்வுக்கு முன்பே ஒரு ஒப்புதல் படிவம் வரும். கட்டணம், ரத்து செய்வதற்கான விதி எல்லாம் தாண்டி, கீழே ஓரிடத்தில் இப்படி ஒரு வரி இருக்கும்: 'மேற்பார்வைக்காக அமர்வின் விவரங்கள் மற்றொரு நிபுணருடன் பகிரப்படலாம், தேவைப்பட்டால் அமர்வு பதிவு செய்யப்படலாம்.' பெரும்பாலானவர்கள் படிக்காமலே டிக் அடித்துவிடுவார்கள். படிப்பவர்களுக்குத் திக்கென்று இருக்கும். ரகசியம் என்று சொல்லித்தானே வரச் சொன்னார்கள், யார் அந்த மற்றொரு நிபுணர்? பதிவு எங்கே போகும்? எத்தனை நாள் இருக்கும்?

நியாயமான கேள்விகள்தான். ஆனால் அந்த வரியைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை. அது இல்லாத படிவம்தான் கொஞ்சம் கவலைக்குரியது. கவனிக்க வேண்டியது, பேசியது எத்தனை பிரதிகளாகப் பெருகுகிறது, ஒவ்வொரு பிரதியும் யார் கையில் இருக்கிறது என்பதை.

சூப்பர்விஷன் என்றால் என்ன?

அலுவலகத்தில் சூப்பர்வைசர் என்றால் வேலை வாங்குபவர். உளவியலில் அந்தச் சொல்லுக்குப் பொருள் வேறு. ஓர் உளவியலாளர், தான் பார்க்கும் க்ளையன்ட்களைப் பற்றி, தன்னைவிட அனுபவமுள்ள ஒருவரிடம் குறித்த நேரத்தில் முறையாக எடுத்துச் சொல்லி ஆலோசிப்பதுதான் சூப்பர்விஷன். தமிழில் மேற்பார்வை என்கிறோம். பயிற்சியில் இருப்பவருக்கு இது கட்டாயம். இந்திய மறுவாழ்வுக் கவுன்சில், அதாவது ஆர்சிஐ அங்கீகரித்த மருத்துவ உளவியல் படிப்புகளில் மேற்பார்வையோடு கூடிய பயிற்சி இல்லாமல் பட்டம் கிடையாது. படிப்பு முடித்த பிறகும் பலர் சொந்தக் காசு கொடுத்து இதைத் தொடர்கிறார்கள்.

ஏன் தேவை? அறுவை சிகிச்சை கற்கும் மாணவரின் கையைப் பேராசிரியர் பக்கத்தில் நின்று பார்க்கலாம். கவுன்சிலிங் சாத்திய கதவுக்குப் பின்னால் இரண்டு பேருக்கு நடுவே நடக்கிறது. க்ளையன்ட்டை விட்டால், உள்ளே என்ன நடந்தது என்பதற்கு ஒரே சாட்சி அந்தப் பயிற்சி உளவியலாளரின் ஞாபகம். அந்த ஞாபகம், தான் சொதப்பிய இடங்களை வசதியாக மறந்துவிடும்.

தூரத்திலிருந்து மேற்பார்வை செய்வதும் புதிதல்ல. மனப்பகுப்பாய்வு என்ற சிகிச்சை முறையைத் தொடங்கிய ஃப்ராய்ட் 1909இல் வெளியிட்ட 'சின்ன ஹான்ஸ்' சிகிச்சை வரலாற்றை எடுத்துக்கொள்ளுங்கள். குதிரையைக் கண்டு பயந்த ஐந்து வயதுப் பையனுக்குச் சிகிச்சை நடத்தியவர் பையனின் அப்பா. அவர் எழுதி அனுப்பிய குறிப்புகளைப் படித்து ஃப்ராய்ட் வழிகாட்டினார். சிகிச்சைக் காலத்தில் பையனை அவர் நேரில் பார்த்தது ஒரே முறை. பிறகு 1920இல் பெர்லினில் தொடங்கிய மனப்பகுப்பாய்வு இலவச மருத்துவமனையில், ஃப்ராய்டின் சீடர் மாக்ஸ் ஐடிங்கான் முன்னெடுப்பில், மேற்பார்வை பயிற்சியின் முறையான பகுதியானது.

பதிவு செய்யும் பழக்கம் 1940களில் வந்தது. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் கவுன்சிலிங் அமர்வுகளை இசைத்தட்டில் பதிவு செய்தார். ஒரு தட்டின் ஒரு பக்கத்தில் சில நிமிடப் பேச்சுதான் அடங்கும். 1942இல் வெளியிட்ட நூலில் ஒரு நபரின் எட்டு அமர்வுகளையும் வரிக்கு வரி அச்சிட்டார். அந்தத் தட்டுகள் கனமானவை, ஒரு அலமாரியில் பூட்டி வைக்கக்கூடியவை. இன்றைக்கு நிலைமை அப்படி இல்லை.

மேற்பார்வையாளர் எப்படித் தெரிந்துகொள்கிறார்?

வழிகள் மூன்று.

1. சொல்லக் கேட்பது. பயிற்சி உளவியலாளர் குறிப்பைப் பார்த்து வாய்மொழியாகச் சொல்கிறார். ரகசியத்துக்குக் குறைந்த ஆபத்து. உண்மைக்கும் குறைந்த உத்தரவாதம்.

2. பதிவைக் கேட்பது. ஆடியோவோ வீடியோவோ பிறகு சேர்ந்து போட்டுப் பார்ப்பார்கள்.

3. நடக்கும்போதே பார்ப்பது. ஒருவழிக் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து பார்ப்பது பழைய முறை. வீடியோ காலில் கேமராவை அணைத்துவிட்டு மூன்றாமவராக இருப்பது அதன் இன்றைய வடிவம்.

இரண்டாவது வழியை ஏன் விட முடியாது என்பதற்குத் தமிழிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. 'செத்துடலாம் போல இருக்கு' என்ற வாக்கியம். மாமியார் வீட்டில் மூன்று நாள் கல்யாண வேலை பார்த்தவரும் அதைச் சொல்வார், அலுப்பில். மாத்திரையை எண்ணி வைத்திருப்பவரும் அதையே சொல்வார். எழுத்தில் இரண்டும் ஒன்று. குரலில், அதற்கு முன் விட்ட இடைவெளியில், சொல்லி முடித்து சிரித்தாரா இல்லையா என்பதில்தான் வித்தியாசம். இதைப் பயிற்சியில் இருப்பவர் தவற விடலாம். இருபது வருடம் கேட்ட காது தவற விடாது. அதனால்தான் மேற்பார்வையாளர்கள் பதிவைக் கேட்கிறார்கள்.

சிக்கலும் அங்கேயே இருக்கிறது. ஒருவரை அடையாளம் காட்டிக்கொடுப்பதில் குரலை மிஞ்ச எதுவும் இல்லை. பெயரை மாற்றலாம், ஊரை மாற்றலாம். குரலை மாற்றினால் கேட்க வந்ததே போய்விடும்.

பெருந்தொற்றுக்குப் பிறகு

2020க்கு முன்பு தொலைதூர மேற்பார்வையைத் துறை கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்த்தது. அமெரிக்க உளவியல் சங்கத்தின் அங்கீகாரக் குழு வைத்த விதி இதற்கு நல்ல சான்று. பயிற்சி மருத்துவமனையில் இருப்பவருக்கு வாரத்துக்குக் குறைந்தது நான்கு மணி நேர மேற்பார்வை வேண்டும், அதில் இரண்டு மணி நேரம் தனியாக. தொலைவிலிருந்து செய்வது இந்தக் குறைந்தபட்ச அளவில் பாதியைத் தாண்டக் கூடாது என்று அப்போது இருந்தது. ஊரடங்கு வந்ததும் அந்த வரம்பைத் தற்காலிகமாகத் தளர்த்த வேண்டியதாயிற்று.

நம் பக்கம் கதை கொஞ்சம் வேறு. இங்கே அனுபவமுள்ள மேற்பார்வையாளர்கள் பெரும்பாலும் பெருநகரங்களில் இருக்கிறார்கள். திருநெல்வேலியிலோ தருமபுரியிலோ தனியாக மையம் நடத்துபவருக்கு ஆன்லைனை விட்டால் மேற்பார்வையே கிடைக்காமல் போகலாம். ஆகவே ஆன்லைன் சரியா தவறா என்று விவாதிப்பதில் பெரிய பயன் இல்லை. எப்படி நடக்கிறது என்றுதான் பார்க்க வேண்டும்.

சில சொற்கள்

'எங்கள் கால் முழுக்க என்க்ரிப்ட் செய்யப்பட்டது' என்று ஒரு மையம் சொன்னால் அதற்கு மூன்று பொருள் இருக்கலாம். என்க்ரிப்ஷன், தமிழில் குறியாக்கம், என்பது சாவி இல்லாதவருக்குப் புரியாதபடி தகவலைக் கலைத்து வைப்பது. சாவி யார் கையில் என்பதுதான் கேள்வி.

1. பயணக் குறியாக்கம்: உங்கள் போனிலிருந்து நிறுவனத்தின் சர்வர் வரை பூட்டப்பட்டுப் போகிறது. வழியில் யாரும் ஒட்டுக்கேட்க முடியாது. ஆனால் சர்வரில் பூட்டுத் திறக்கும். நிறுவனம் நினைத்தால் கேட்கலாம்.

2. எண்ட்-டு-எண்ட் குறியாக்கம்: சாவி பேசுபவர்களின் கருவிகளில் மட்டும். நடுவில் இருக்கும் நிறுவனத்துக்கும் புரியாது.

3. சேமிப்புக் குறியாக்கம்: கால் முடிந்த பிறகு டிஸ்க்கில் இருக்கும் கோப்பு பூட்டப்பட்டிருக்கிறதா என்பது. மேலே உள்ள இரண்டுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

முதல் இரண்டையும் குழப்பிக்கொண்டால் என்ன ஆகும் என்று 2020இல் உலகமே பார்த்தது. ஜூம் தன் கால்களை எண்ட்-டு-எண்ட் என்று விளம்பரப்படுத்தியிருந்தது. உண்மையில் இருந்தது பயணக் குறியாக்கம். அந்த ஏப்ரலில் இந்திய உள்துறை அமைச்சகத்தின் சைபர் பிரிவு, ஜூம் பாதுகாப்பான தளம் அல்ல என்று எச்சரித்தது. உண்மையான எண்ட்-டு-எண்ட் வசதியை ஜூம் அந்த ஆண்டு அக்டோபரில்தான் கொண்டுவந்தது, அதுவும் நாமாகப் போய் ஆன் செய்ய வேண்டிய ஒன்றாக. ஆன் செய்தால் கிளவுட் ரெக்கார்டிங் வேலை செய்யாது, பேச்சு எழுத்தாக ஓடும் வசதியும் போய்விடும். காரணம் எளிது: சர்வருக்குப் பேச்சு புரியாவிட்டால் சர்வரால் பதிவு செய்யவும் முடியாது. இந்த இரண்டு வசதிகளுக்காகவே பல மேற்பார்வைக் குழுக்கள் அதை ஆன் செய்வதில்லை.

மூன்றாவதைப் பற்றி யாரும் விளம்பரம் செய்வதில்லை. ஆனால் ஆபத்தின் பெரும்பங்கு அங்கேதான்.

ஒரு பதிவின் பயணம்

கற்பனையாக ஒரு சூழலை எடுத்துக்கொள்வோம். திருநெல்வேலியில் ஒரு பயிற்சி உளவியலாளர், பெங்களூரில் அவருடைய மேற்பார்வையாளர். 50 நிமிட அமர்வு ஒன்றை க்ளையன்ட்டின் சம்மதத்தோடு போனில் பதிவு செய்கிறார். இருவரும் நல்லவர்கள், யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. இருந்தும் அந்தப் பதிவுக்கு என்ன ஆகிறது என்று எண்ணிப் பாருங்கள்.

1. மூலப் பதிவு போனில் இருக்கிறது.

2. வீடியோவாக எடுத்திருந்தால், இரவு வைஃபை கிடைத்ததும் அது போட்டோக்களோடு சேர்ந்து கிளவுட் கணக்குக்குத் தானாக ஏறிவிடுகிறது. அந்தக் கணக்கு வீட்டு டேப்லெட்டிலும் லாகின் ஆகியிருக்கிறது.

3. மேற்பார்வையாளருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார். அனுப்பியவர் போனில், அனுப்பிய கோப்புகளுக்கான தனிக் கோப்புறையில் இன்னொரு பிரதி.

4. மேற்பார்வையாளரின் போனில் இறங்குகிறது. ஆண்ட்ராய்டில் வாட்ஸ்அப் வீடியோக்கள் கேலரியில் போய் உட்காரும். அந்த அமைப்பை மாற்றியவர் எத்தனை பேர்? கேலரியைத் திறந்து பேரன் படம் காட்டும்போது நடுவில் ஓர் அந்நிய முகம்.

5. இருவருடைய வாட்ஸ்அப் பேக்கப்பிலும் பிரதி. வாட்ஸ்அப் செய்தி போகும்போது எண்ட்-டு-எண்ட் உண்டு. பேக்கப்புக்கு அந்தப் பாதுகாப்பு 2021 அக்டோபரில்தான் வந்தது, அதுவும் நாமே அமைப்புகளுக்குள் போய்ப் போட்டுக்கொள்ள வேண்டும்.

6. துறையில் பொதுவாக வைத்திருக்கும் கம்ப்யூட்டரில் வாட்ஸ்அப் வெப் திறந்து இறக்கியிருந்தால், டவுன்லோட்ஸ் கோப்புறையில் ஒன்று. லாக் அவுட் செய்தாலும் இறக்கிய கோப்பு அங்கேயேதான் இருக்கும்.

7. கேஸ் ரெக்கார்டுக்கு எழுத்து வடிவம் வேண்டும். கையால் எழுத நேரமில்லை, இலவசத் தளம் ஒன்றில் ஏற்றி எழுத்தாக்குகிறார். எந்த நாட்டு சர்வர் என்று தெரியாது.

8. மேற்பார்வையாளருக்குத் தமிழ் அரைகுறை. அந்த எழுத்து வடிவத்தை ஆங்கிலமாக்க மொழிபெயர்ப்புக் கருவியில் ஒட்டுகிறார்.

9. பிரிண்ட் எடுக்க வேண்டும். தெருமுனை ஜெராக்ஸ் கடையில், 'அந்த நம்பருக்கு வாட்ஸ்அப் பண்ணுங்க' என்பார்கள். அனுப்புகிறார். கடையின் போனில் அது எத்தனை நாள் இருக்கும் என்பதைக் கடைக்காரரே யோசித்திருக்க மாட்டார்.

ஒன்பது இடங்கள் ஆயிற்று. மேற்பார்வை முடிந்ததும் பயிற்சி உளவியலாளர் பொறுப்பாக மூலப் பதிவை அழிக்கிறார். 'அழித்துவிட்டேன்' என்று படிவத்தில் கையெழுத்தும் போடுகிறார். பொய் சொல்லவில்லை, ஒன்றை அழித்திருக்கிறார்.

இதில் ஹேக்கர் எங்கேயும் வரவில்லை என்பதைக் கவனியுங்கள்.

ஹேக்கர் வந்தால்: வஸ்தாமோ

ஃபின்லாந்து முழுக்கக் கிளைகளோடு இயங்கிய தனியார் மனநல சிகிச்சை நிறுவனம் வஸ்தாமோ. 2020 அக்டோபரில் யாரோ ஒருவர் அதன் நோயாளிகளின் கோப்புகள் தன்னிடம் இருப்பதாகச் சொல்லி 40 பிட்காயின் கேட்டார். அன்றைய மதிப்பில் சுமார் 4.5 லட்சம் யூரோ. நிறுவனம் கொடுக்கவில்லை. ஒரு நாளைக்கு நூறு பேர் என்று கோப்புகளை டார்க் வெப்பில் வெளியிடத் தொடங்கினார். பிறகு நேராக நோயாளிகளுக்கே மின்னஞ்சல் போயிற்று: 24 மணி நேரத்தில் 200 யூரோ, தவறினால் 500, அதுவும் தவறினால் நீங்கள் பேசியது ஊருக்குத் தெரியும்.

பாதிக்கப்பட்டவர்கள் ஏறக்குறைய 33,000 பேர். வெளியே வந்தவை பெயரும் அடையாள எண்ணும் மட்டுமல்ல, சிகிச்சையாளர்கள் எழுதி வைத்த அமர்வுக் குறிப்புகளும்.

தகவல் எப்படிப் போயிற்று என்று அந்நாட்டுத் தரவுப் பாதுகாப்பு ஆணையம் விசாரித்தபோது தெரிய வந்தது மிகச் சாதாரணமான சங்கதி. நோயாளிகளின் தரவுத்தளம் இணையத்திலிருந்து யாரும் தட்டக்கூடிய கதவாக 2017 நவம்பர் முதல் 2019 மார்ச் வரை திறந்து கிடந்தது. நிர்வாகிக் கணக்குக்குப் பாஸ்வேர்டே இல்லை. திருட்டு நடந்தது 2018 இறுதியிலும் 2019 மார்ச்சிலும்; நோயாளிகளுக்குத் தெரிந்தது மிரட்டல் வந்த பிறகு. நிறுவனத்துக்கு 6,08,000 யூரோ அபராதம் விதிக்கப்பட்டது. அதற்குள் அது திவாலாகியிருந்தது. மிரட்டியவராகக் குற்றம் சாட்டப்பட்ட அலெக்சாந்தெரி கிவிமாகி 2023 பிப்ரவரியில் பிரான்சில் பிடிபட்டார். 2024 ஏப்ரலில் மாவட்ட நீதிமன்றம் அவருக்கு 6 ஆண்டு 3 மாதச் சிறைத் தண்டனை கொடுத்தது.

யாரும் வீடியோ காலை ஒட்டுக்கேட்கவில்லை. எந்தக் குறியாக்கத்தையும் உடைக்கவில்லை. எழுதி வைத்திருந்ததை எடுத்துப் போனார்கள், அவ்வளவுதான்.

2024 செப்டம்பரில் இன்னொன்று. அமெரிக்காவின் கான்ஃபிடன்ட் ஹெல்த் என்ற இணையவழி சிகிச்சை நிறுவனத்தின் 5.3 டெராபைட் தரவுத்தளம் பாஸ்வேர்ட் இல்லாமல் கிடந்ததை ஒரு பாதுகாப்பு ஆய்வாளர் கண்டுபிடித்துச் சொன்னார். அதில் சிகிச்சை அமர்வுகளின் ஆடியோ, வீடியோ பதிவுகளும் இருந்தன. சொன்னதும் மூடினார்கள்.

பெயரை எடுத்துவிட்டால் போதாதா?

மேற்பார்வையில் அடிக்கடி கேட்கும் சமாதானம் இது. 'பெயர் சொல்லலியே, ஒரு கேஸ்னுதான் போட்டேன்.' குறிப்பாக வாட்ஸ்அப் குழுவில் நடக்கும் கூட்டு மேற்பார்வையில்.

ஒரு குறிப்பைக் கற்பனை செய்வோம்: 'பெண், 34, கோவில்பட்டி பக்கம், அரசுப் பள்ளி ஆசிரியை, இரட்டைப் பெண் குழந்தைகள், கணவர் மஸ்கட்டில், கொழுந்தன் போன வருடம் தற்கொலை.' பெயர் இல்லைதான். கோவில்பட்டி பக்கம் இருக்கும் எவருக்கும் இதைப் படித்து ஆளைக் கண்டுபிடிக்க எவ்வளவு நேரம் ஆகும்? குழுவில் இருக்கும் முப்பது உளவியலாளர்களில் ஒருவருக்கு அந்தப் பக்கம் சம்பந்தி வீடு இருந்தால் போதும். சாதி, ஊர், தொழில், குடும்பத்தில் நடந்த சாவு: நம் சமூகத்தில் இந்த நான்கில் மூன்று தெரிந்தால் பெயர் தேவையில்லை.

பெயர் நீக்கம் என்பது மேற்பார்வைக்குத் தேவையில்லாத விவரத்தை மாற்றுவது. மேலே உள்ள குறிப்பில் கொழுந்தனின் தற்கொலை சிகிச்சைக்கு முக்கியம், அதை எடுக்க முடியாது. இரட்டைப் பெண்கள் தேவையில்லை, 'குழந்தைகள்' போதும். கோவில்பட்டி வேண்டாம், 'சிறு நகரம்' போதும். மஸ்கட் 'வெளிநாடு' ஆகலாம். எது தேவை, எது வெறும் அலங்காரம் என்று பிரிக்கத் தெரிவதே ஒரு பயிற்சி. அதையும் மேற்பார்வையாளர்தான் சொல்லித்தர வேண்டும். முதல் நாளே சொல்லித்தருபவர்கள் குறைவு என்பது என் எண்ணம்.

அழைக்காமல் வரும் விருந்தாளி

கடந்த சில ஆண்டுகளில் புதிதாகச் சேர்ந்தது செயற்கை நுண்ணறிவுக் குறிப்பெடுப்பான். உங்கள் காலண்டரோடு அதை இணைத்துவிட்டால், எந்த ஆன்லைன் கூட்டம் வந்தாலும் அது தானாக உள்ளே வந்து உட்காரும். பேசியதை எழுதும், சுருக்கம் எழுதும், சில நேரம் கூட்டத்தில் இருந்த எல்லோருக்கும் மின்னஞ்சலும் அனுப்பும். வேறு வேலைக்காக என்றோ இணைத்ததை மறந்துபோன ஒருவர் மேற்பார்வைக் கூட்டத்துக்கு வந்தால், அதுவும் கூடவே வரும். பட்டியலில் ஒரு பெயராக இருக்கும். வேறு யாரோ மாணவர் என்று எல்லோரும் நினைத்துக்கொள்வார்கள்.

தமிழ்ப் பேச்சில் இவற்றின் தரம் தனிக் கதை. 'நெஞ்சு கனக்குது' என்று ஒருவர் சொன்னதை இயந்திரம் இதய நோய் அறிகுறியாக மொழிபெயர்க்கலாம். 'அவர் என்னைக் கண்டுக்கறதே இல்ல' என்பது ஆங்கிலத்துக்குப் போகும்போது பார்வைக் கோளாறு போல ஆகலாம். அந்தச் சுருக்கத்தை நம்பி மேற்பார்வையாளர் கருத்துச் சொன்னால் ரகசியமும் போயிற்று, சிகிச்சையும் போயிற்று.

சட்டம் என்ன சொல்கிறது?

இந்தியாவில் மூன்று அடுக்குகள்.

1. மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017. இதன் 23ஆம் பிரிவு ரகசியத்தை நோயாளியின் உரிமையாக்குகிறது. சிகிச்சை அளிக்க உதவும் பொருட்டு வேறு மனநல நிபுணருக்குத் தகவல் தருவது அதில் சொல்லப்பட்ட விதிவிலக்குகளில் ஒன்று. 24ஆம் பிரிவு, மின்னணு வடிவிலோ மெய்நிகர் வெளியிலோ சேமித்த எல்லாத் தகவலுக்கும் அந்த உரிமை பொருந்தும் என்கிறது. ஆனால் இந்தச் சட்டம் பேசுவது 'மனநோய் உள்ளவர்' பற்றி. அதற்கு வரையறையும் வைத்திருக்கிறது. தேர்வு பயம், கல்யாணச் சண்டை என்று கவுன்சிலிங் வருபவர் அந்த வரையறைக்குள் வருவாரா என்பது சந்தேகம்.

2. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023. நோய் உண்டா இல்லையா என்று இது பார்ப்பதில்லை. டிஜிட்டல் வடிவில் இருக்கும் தனிநபர் தகவல் எல்லாவற்றையும் பற்றியது. விதிகள் 2025 நவம்பரில்தான் அறிவிக்கப்பட்டன. முக்கியக் கடமைகளுக்கு 18 மாத அவகாசம். தகுந்த பாதுகாப்பு வைக்கத் தவறினால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். தகவல் கசிந்தால் சம்பந்தப்பட்டவருக்குத் தாமதமின்றிச் சொல்ல வேண்டும், இந்தச் சட்டத்தின்கீழ் அமையும் தரவுப் பாதுகாப்பு வாரியத்துக்கு 72 மணி நேரத்துக்குள் விவரம் தர வேண்டும். ஒரு வினோதம் உண்டு: 2011இல் வந்த பழைய தகவல் தொழில்நுட்ப விதிகள் மனநலத் தகவலை 'நுண்ணுணர்வுத் தகவல்' என்று தனியாகப் பிரித்திருந்தன. புதிய சட்டத்தில் அந்தப் பிரிவே இல்லை. உங்கள் மளிகைப் பட்டியலும் மனச்சோர்வும் ஒரே வகை.

3. தொழில் பதிவு. மருத்துவ உளவியலாளர் ஆர்சிஐ பதிவேட்டில் இருக்க வேண்டும். மற்ற உளவியலாளர்களையும் கவுன்சிலர்களையும் 2021ஆம் ஆண்டின் துணைநிலை மருத்துவத் தொழில்கள் ஆணையச் சட்டம் உள்ளே கொண்டுவருகிறது. இது நடைமுறையில் வேரூன்றும் வரை, யார் யாரிடம் மேற்பார்வை பெற வேண்டும் என்பது பெரும்பாலும் அவரவர் மனசாட்சியைப் பொறுத்தது.

சரி, ஜெராக்ஸ் கடைப் பிரதி கசிந்தால் யார் பொறுப்பு? பயிற்சி உளவியலாளரா, மேற்பார்வையாளரா, மையமா? தனிநபர் தகவலை எதற்காக, எப்படிப் பயன்படுத்துவது என்று முடிவு செய்பவரைத்தான் புதிய சட்டம் பிடிக்கும். மையம் என்று ஒன்று இருந்தால் பெரும்பாலும் அதைத்தான். இருவரும் தனித்தனியாகத் தொழில் செய்பவர்கள், மாதம் இரண்டு முறை கூகுள் மீட்டில் சந்திக்கிறார்கள் என்றால் எழுத்தில் ஒப்பந்தம் இல்லாமல் பதில் சொல்வது கடினம்.

உருப்படியான ஏற்பாடு எப்படி இருக்கும்?

விலையுயர்ந்த மென்பொருள் வேண்டியதில்லை. பதிவை அனுப்பாமல் காட்டினாலே பாதிப் பிரச்சினை தீரும். பயிற்சி உளவியலாளர் தன் கருவியில் பதிவை ஓடவிட்டு, வீடியோ காலில் திரையையும் ஒலியையும் பகிர்கிறார், மேற்பார்வையாளர் கேட்கிறார், கோப்பு இடம் மாறவே இல்லை. மேலே எண்ணிய ஒன்பதில் ஏறக்குறைய பாதி இதிலேயே அடிபட்டுவிடும். அமர்வு முழுவதையும் வைத்திருக்காமல், பேச வேண்டிய பத்து நிமிடத்தை மட்டும் வெட்டி வைத்துக்கொண்டு மீதியை அன்றே அழிக்கலாம். பதிவுக்கென்று சிம் போடாத, கிளவுட் கணக்கு இணைக்காத பழைய போன் ஒன்றைத் தனியாக வைத்துக்கொள்பவர்கள் உண்டு. ஏழ்மையான தீர்வு மாதிரித் தெரியும், நன்றாக வேலை செய்யும்.

பிறகு வழக்கமானவை: மின்னஞ்சலுக்கும் கிளவுட் கணக்குக்கும் இரண்டடுக்குச் சரிபார்ப்பு, வாட்ஸ்அப்பின் இணைத்த கருவிகள் பட்டியலை மாதம் ஒரு முறை பார்ப்பது, காலண்டரில் க்ளையன்ட் பெயர் எழுதாமல் இருப்பது. கடைசியாகச் சொன்னது சின்ன விஷயமாகத் தோன்றும். திரையைப் பகிரும்போது மூலையில் 'சந்தியா, 4 மணி' என்று நினைவூட்டல் எட்டிப் பார்க்கும்வரை. ஹெட்போன் இல்லாமல் ஹாலில் உட்கார்ந்து மேற்பார்வை கேட்பதை எந்தக் குறியாக்கமும் காப்பாற்றாது.

க்ளையன்ட் கேட்க வேண்டிய கேள்விகளும் நான்குதான். மேற்பார்வையாளர் யார், அவருக்கு என் பெயர் தெரியுமா? பதிவு எந்தக் கருவியில் இருக்கும்? என்று அழிப்பீர்கள்? பதிவுக்கு மட்டும் முடியாது என்றால் சிகிச்சை தொடருமா? கடைசிக் கேள்விக்கு 'தொடரும்' என்ற பதில் வர வேண்டும். வராவிட்டால் அது ஒப்புதல் ஆகாது.

அழிக்கக் கூடாத ஒரு பிரதி

இதுவரை சொன்னதெல்லாம் குறைப்பதைப் பற்றி. ஒன்றை மட்டும் குறைக்க முடியாது.

பயிற்சி உளவியலாளர் திருநெல்வேலியில், மேற்பார்வையாளர் பெங்களூரில், க்ளையன்ட் சென்னையில் ஒரு மகளிர் விடுதியில். அமர்வின் நடுவே 'மாத்திரை போட்டுட்டேன்' என்று சொல்லிவிட்டுக் கால் துண்டிக்கப்படுகிறது. நேரில் என்றால் பக்கத்து அறைக்கு ஓடி மேற்பார்வையாளரைக் கூப்பிடலாம். இங்கே யார் யாருக்குப் போன் செய்வது? தொலைதூர மேற்பார்வைக்கு எழுத்தில் கொள்கை வைக்கச் சொல்லும் அமெரிக்க அங்கீகார விதிகளும், அட்டவணைக்கு வெளியே அவசரம் வந்தால் என்ன ஏற்பாடு என்பதை அந்தக் கொள்கையில் சொல்லியாக வேண்டும் என்கின்றன.

அதனால்தான் பழக்கமான உளவியலாளர்கள் ஒவ்வொரு ஆன்லைன் அமர்வையும் 'இப்ப எங்க இருந்து பேசறீங்க?' என்று தொடங்குகிறார்கள். அன்றைய இடத்தின் முகவரி, பக்கத்தில் இருந்து உடனே போகக்கூடிய ஒருவரின் நம்பர், இந்த இரண்டும் பயிற்சி உளவியலாளரிடமும் மேற்பார்வையாளரிடமும் இருக்க வேண்டும். கேஸ் குறிப்போடு சேராமல், உண்மைப் பெயரோடு, தனியாக. 108க்கும், மத்திய அரசின் டெலி-மானஸ் மனநல உதவி எண்ணான 14416க்கும் அழைக்கலாம்தான். ஆனால் ஆம்புலன்ஸ் எங்கே போக வேண்டும் என்று யாராவது சொல்ல வேண்டும். மறுமுனையில் முதலில் கேட்பது முகவரியைத்தான்.